வண்ணாரப்பேட்டைப் பொட்டலமும் வழிநெடுகச் சுங்கச்சாவடிகளும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்கா, ஆரி வேலை செய்த ரவிக்கைகளை ஆன்லைனில் விற்கிறார். துணி எம்.சி. ரோட்டில் எடுப்பது, மணியும் ஜரிகையும் சௌகார்பேட்டையிலிருந்து வருவது. வேலை பார்ப்பது அவரும் கூட இரண்டு பெண்களும். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மலேசியாவில் கிள்ளான், லண்டனில் ஹாரோ, அமெரிக்காவில் நியூ ஜெர்சி என்று கடல் தாண்டி இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். நான் மண்ணடியில் ஒரு கொரியர் புக்கிங் கடையில் கணக்கு எழுதுகிறவன். அதனால் பார்சல் மேல் ஒட்டும் படிவத்தை நிரப்பும் வேலை என் தலையில். உள்ளே என்ன, விலை என்ன, எதற்காக அனுப்புகிறீர்கள் என்று மூன்று கேள்விகள்தான். மூன்றாவதற்குப் பரிசு, விற்பனை, மாதிரி என்று கட்டங்கள் இருக்கும். அக்கா எப்போதும் சொல்வது ஒன்றுதான். “கிஃப்ட்டுன்னு டிக் போட்டுடு தம்பி. விலை ஐந்நூறுன்னு எழுது.”

பத்து வருடங்களுக்கு முன் அது ஓடியிருக்கும். பாதி உலகம் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது அதே டிக் பார்சலை நடுவழியில் உட்கார வைத்துவிடும். இடையில் என்ன மாறியது என்று அக்காவுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சுங்கம் என்றால் நம் மனதில் வருவது வரி. ஆனால் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது. ஒரு அதிகாரி உட்கார்ந்து பில்லைப் பார்க்க வேண்டும், பொருளை வெளியே எடுக்க வேண்டும், அது எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டும், வரி போட்டு ரசீது கொடுத்து மறுபடி ஒட்டி அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பது நூறு ரூபாய் கவரிங் மோதிரம், அதற்கு வரி பத்துப் பன்னிரண்டு ரூபாய் என்றால், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அதனால்தான் பல நாடுகள் ‘இந்த விலைக்குக் கீழே இருந்தால் வரி கேட்காமல் விட்டுவிடு’ என்று ஒரு வரம்பு வைத்தன. கஸ்டம்ஸ்காரர்கள் இதை டி மினிமிஸ் என்பார்கள். 2017இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு வரம்பு வைக்கச் சொல்லி ஒரு வாசகம் இருக்கிறது.

அமெரிக்கா இதை ஆரம்பித்தது 1938இல். அப்போது வரம்பு 1 டாலர். 1978இல் 5 டாலர் ஆனது, 1990களில் 200 ஆனது, 2016 மார்ச்சில் 800 ஆனது. 1 டாலரிலிருந்து 200க்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தவர்கள், ஆன்லைன் வியாபாரம் சூடு பிடித்த நேரம் பார்த்து ஒரே தாவலில் 800க்குப் போனார்கள். விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. 2015இல் அந்த நாட்டுக்குள் இப்படி நுழைந்த பொட்டலங்கள் 13 கோடிச் சொச்சம். 2024 நிதியாண்டில் 136 கோடி. வருடம் முழுக்கப் பகிர்ந்தால் நாளொன்றுக்குச் சுமார் 37 லட்சம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் 150 யூரோவுக்குக் கீழ்ப்பட்ட பொருட்கள் 460 கோடி வந்திறங்கின. அதில் பத்துக்கு ஒன்பது பங்கு சீனாவிலிருந்து.

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. ஒரு பொட்டலத்தைப் பார்க்காமல் விட்டால் நஷ்டம் பன்னிரண்டு ரூபாய். 136 கோடிப் பொட்டலங்களைப் பார்க்காமல் விட்டால்? வரி போனது ஒரு பக்கம். உள்ளே ஃபெண்டனில் என்ற போதைமருந்து வருகிறதா, போலிச் சரக்கு வருகிறதா, குழந்தை வாயில் வைக்கக்கூடாத பெயின்ட் அடித்த பொம்மை வருகிறதா என்று தெரியாமல் போனது இன்னொரு பக்கம்.

வட சென்னைக்காரர்களுக்கு இந்தச் சூத்திரம் புதிதல்ல. மண்ணடியில் ‘குருவி’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொன்னால், வியாபாரியின் சரக்கைத் தன் பையில் சுமந்து விமானத்தில் போய் வருகிறவர். பயணி தன் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரும் பொருளுக்கு வரியில்லாச் சலுகை உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது. அந்தச் சலுகையை ஒரு வியாபாரி நேரடியாகப் பயன்படுத்த முடியாது. ஆனால் இருபது பேருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, ஒரு மூட்டையை இருபது பையாகப் பிரித்தால் முடியும். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக உருவான பர்மா பஜாரில், ஒரு காலத்தில் கஸ்டம்ஸ் ஹவுஸிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ஃபாரின் சரக்கு அடுக்கி வைத்து விற்றதன் பின்னால் இந்த மாதிரிக் கணக்குகளும் இருந்தன. பெரிய ஆன்லைன் கம்பெனிகள் செய்தது இதே குருவி வேலைதான். ஒரு கன்டெய்னரில் கொண்டுவந்து வரி கட்ட வேண்டிய சரக்கை ஒரு லட்சம் பொட்டலமாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு வாடிக்கையாளர் பேருக்கு அனுப்பினார்கள். சட்டப்படி ஒவ்வொரு பொட்டலமும் சரி. இருபது பேரில் ஒவ்வொரு குருவியும் சரி என்று வாதாடுவது போல.

சரி, இதற்கு வண்ணாரப்பேட்டை அக்கா என்ன செய்வார்? கதவைச் சாத்தும்போது பெரிய ஆளுக்கு ஒரு கதவு, சின்ன ஆளுக்கு ஒரு கதவு என்று யாரும் வைப்பதில்லை.

அமெரிக்காவில், சீனா, ஹாங்காங் சரக்குக்கு 2025 மே 2 முதல் அந்த 800 டாலர் சலுகை போனது. ஜூலை 30 அன்று போட்ட உத்தரவில் மற்ற எல்லா நாடுகளுக்கும் ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தம் என்று வந்தது. அதே வாரம், ஆகஸ்ட் 27இல், இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியும் 50 சதவீதம் ஆனது. இரண்டு அடியும் ஒரே இடத்தில் விழுந்தது. ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குப் பொருள் பார்சல் எடுப்பதை நம் அஞ்சல் துறை நிறுத்தியது. அப்போது பலர் “அமெரிக்கா தபாலைத் தடை செய்துவிட்டது” என்று பேசிக்கொண்டார்கள். நடந்தது வேறு. வரியை யார் வசூலிப்பது என்பதுதான் சிக்கல். பார்சலைச் சுமந்து வருகிறவரோ அல்லது அந்த நாட்டுச் சுங்கம் அங்கீகரித்த ஒரு தரப்போ வரியை வாங்கிக் கட்ட வேண்டும் என்றது உத்தரவு. யார் அந்தத் தரப்பு, எந்தக் கணக்கில் கட்டுவது, விவரத்தை எப்படி அனுப்புவது என்று தெளிவாகவில்லை. விமான நிறுவனங்கள் ‘எங்களால் ஏற்ற முடியாது’ என்று கையை விரித்தன. உலகத்தில் பல நாட்டு அஞ்சல் துறைகளுக்கும் அப்போது இதே கதி.

அக்டோபர் 15இல் அஞ்சல் சேவை மறுபடி தொடங்கியது. தொடங்கிய விதம்தான் கவனிக்க வேண்டியது. வரியை அங்கே வாங்குகிறவரிடம் கேட்பதில்லை. இங்கே புக் செய்யும்போதே அனுப்புகிறவரிடம் மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். கொரியர் பாஷையில் டி.டி.பி., வரி கட்டி டெலிவரி. அப்போது அது சொன்ன விலையில் நேராக 50 சதவீதமாக இருந்தது. பொருளின் வகைக்குத் தகுந்த அடிப்படை வரி தபாலுக்கு இருக்கவில்லை. கொரியரில் அனுப்பினால் அதுவும் சேர்ந்தது.

அக்காவின் ரவிக்கை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். விலை 3,500 ரூபாய், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 40 டாலர். தபாலில் அப்போது வரி 1,750 ரூபாய். கொரியரில் அப்படி ஒரே எண் கிடையாது, துணி என்ன என்பதைப் பொறுத்தது. நெய்த துணியில் தைத்த பெண்கள் ரவிக்கை, சட்டைக்கு உலகம் முழுக்க ஒரே தலைப்பு எண் 6206. அதற்குக் கீழே பட்டு என்றால் 6206 10, பருத்தி 6206 30, செயற்கை இழை 6206 40. இந்த முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பின் வரும் இலக்கங்களும் வரி விகிதமும் அந்தந்த நாட்டு விஷயம். அமெரிக்காவின் வழக்கமான அடிப்படை வரி பட்டு ரவிக்கைக்கு 6.9, பருத்திக்கு 15.4, செயற்கை இழைக்கு 26.9 சதவீதம். அப்போதைய 50 கூடுதலைச் சேர்த்தால் அதே 3,500 ரூபாய் ரவிக்கைக்குப் பருத்தியானால் 2,289, செயற்கையானால் 2,691 ரூபாய் வரி. கொரியர்க்காரர் தன் பங்குக்கு வாங்கும் கட்டணம் தனி.

எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்த இடம் இதுதான். எம்.சி. ரோட்டில் ‘ரா சில்க்’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பாலியஸ்டர். அவர் ஏமாற்றவில்லை, வாங்குகிறவருக்கும் தெரியும். நம் ஊர் துணிக்கடையில் சில்க் என்பது பளபளப்பின் பெயர், புழுவின் பெயர் அல்ல. அக்காவின் பில்லில் “சில்க் பிளவுஸ்” என்றுதான் இருந்தது. கஸ்டம்ஸ் கண்ணில் பாலியஸ்டரைப் பட்டு என்று எழுதுவது, 26.9க்குப் பதில் 6.9 கட்டப் பார்த்த குற்றம். ஓரத்து நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்த்தோம். உருகிச் சுருண்டு கெட்டி உருண்டையானது. முடி கருகும் வாடை வரவில்லை. படிவத்தில் “செயற்கை இழை நெய்த துணி, பெண்கள் ரவிக்கை, கைப்பூவேலையுடன்” என்று மாற்றி எழுதினேன். “கேட்கவே நல்லா இல்லையே” என்றார் அக்கா.

இந்த விகிதங்கள் நிலையாக நிற்பவை அல்ல. நான் சொல்லும் 50, 2025 கடைசி நிலவரம், அதற்குப் பிறகு மாறிவிட்டது. புக் செய்யும் அன்று கவுன்ட்டரில் கேட்டுக்கொள்வதுதான் புத்தி. அப்படியே நிற்கப்போவது வேறொன்று. ஒரு காலத்தில் அதிகாரி பெட்டியைப் பிரித்து முடிவு செய்த விஷயங்கள், அதாவது என்ன பொருள், என்ன இழை, எந்த எண், உண்மை விலை என்ன என்பவை, இன்று பார்சல் கிளம்பும் முன்பே மின்தரவாகப் போய்ச் சேர வேண்டும். அமெரிக்கா 2021 ஜனவரியிலிருந்தே தபால் பார்சலுக்கும் முன்கூட்டித் தரவு கேட்கிறது. கோடிக்கணக்கான பெட்டிகளைப் பிரிக்க ஆள் இல்லை. ஆனால் கோடிக்கணக்கான தரவுகளைக் கணினி படித்துவிடும். சந்தேகம் வந்த பெட்டியை மட்டும் ஆள் பிரிப்பார். ஆக, பெட்டியைப் பார்க்கும் வேலை கடல் தாண்டி வந்து பொட்டலம் கட்டுகிறவர் மடியில் விழுந்திருக்கிறது. அப்ரைசர், அதாவது பொருளை மதிப்பிடும் சுங்க அதிகாரி, பார்க்கும் வேலையில் பாதியை இப்போது அக்காவும் நானும் வண்ணாரப்பேட்டைத் திண்ணையில் உட்கார்ந்து செய்கிறோம், சம்பளமில்லாமல்.

மற்ற நாடுகளும் வெவ்வேறு வழியில் இங்கேயே வந்து சேர்ந்தன. ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் 1,000 ஆஸ்திரேலிய டாலருக்குக் கீழ்ப்பட்ட சரக்குக்கும் ஜி.எஸ்.டி. போட்டது. வசூலிக்கும் பொறுப்பைப் பெரிய விற்பனையாளர்களிடமும் தளங்களிடமும் விட்டது. சிங்கப்பூர் 2023இல் 400 சிங்கப்பூர் டாலருக்குக் கீழே உள்ளதற்கு ஜி.எஸ்.டி.யும், மலேசியா 2024 ஜனவரியிலிருந்து 500 ரிங்கிட்டுக்குக் கீழே உள்ளதற்கு 10 சதவீத விற்பனை வரியும் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலையில் எடுத்தது. 150 யூரோவுக்குக் கீழ் இருந்த சுங்க விலக்கையும் கைவிட முடிவெடுத்து, இடைக்கால ஏற்பாடாக ஒரு பொருள் வகைக்கு 3 யூரோ என்று 2026 ஜூலை முதல் வாங்க 2025 டிசம்பரில் உடன்பட்டது.

பிரிட்டன் கதை அக்காவை நேரடியாகக் கடித்தது. அங்கே 135 பவுண்டுக்கு உட்பட்ட சரக்குக்குச் சுங்கம் இல்லை, வாட் உண்டு. 2021 ஜனவரியிலிருந்து அந்த வாட்டை எல்லையில் வாங்குவதில்லை, விற்கும் இடத்திலேயே வாங்க வேண்டும். பெரிய தளம் ஒன்றின் வழியாக விற்றால் தளமே வாங்கிக் கட்டிவிடும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துத் தானே அனுப்பினால், விற்கிறவரே அந்த நாட்டில் வாட் பதிவு செய்திருக்க வேண்டும். மாதம் நாலு ரவிக்கை விற்கிறவர் எங்கே போய்ப் பதிவு செய்வார்? பரிசு என்று போட்டால் 39 பவுண்டு வரை விலக்கு உண்டு. அக்காவின் “ஐந்நூறுன்னு எழுது” வந்த வழி இதுதான். ஆனால் பரிசு என்பது ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்குக் காசு வாங்காமல் அனுப்புவது. உள்ளே கடைப் பெயர் அச்சடித்த அட்டையும் சைஸ் டேக்கும் இருந்தால் யார் நம்புவார்கள்? ஹாரோவுக்குப் போன ஒரு பார்சலில் அப்படித்தான் மாட்டினோம். வரி கொஞ்சம்தான், அதை வசூலிக்க டெலிவரி செய்கிறவர் போட்ட கையாளும் கட்டணம் அதைவிட அதிகம். வாடிக்கையாளர் வாங்க மறுத்துவிட்டார்.

நம் நாட்டுக்குள் வரும் பக்கமும் இதே கதை நடந்து முடிந்ததுதான். 5,000 ரூபாய் வரை மதிப்புள்ள பரிசுப் பொருள் வரியில்லாமல் வரலாம் என்று இருந்தது. வெளிநாட்டு ஆன்லைன் கடைகள் சட்டையும் செருப்பும் ‘பரிசு’ என்று அனுப்பித் தள்ளின. யாரென்று தெரியாத ஒருவர் குவாங்சோவிலிருந்து கொருக்குப்பேட்டைக்கு வாரம் ஒரு செருப்புப் பரிசளிக்கும் அதிசயம் நடந்தது. 2019 டிசம்பர் 12இல் அந்த வழி மூடப்பட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. ராக்கி சரி, கூட வரும் ராக்கிப் பரிசுக்குக் கிடையாது. அப்படியொரு வாசகத்தை யோசித்து எழுதிய அதிகாரியை எனக்குப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அதற்குப் பிறகு சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் பொருளுக்கு 35 சதவீத அடிப்படை வரி, அதன் மேல் சமூக நல மேல்வரி, பொருளின் விலையும் இவை இரண்டும் சேர்ந்த தொகை மேல் 28 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) என்று அடுக்கி 77.28 சதவீதம் வரை போனது. 2025 பட்ஜெட்டில் அந்த 35ஐ 20 ஆக்கினார்கள், 2026 பட்ஜெட்டில் 10 ஆக்குவதாக அறிவித்தார்கள்.

வெளியே அனுப்பும் பக்கத்தில் அரசாங்கம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. முறையாக விற்பனை என்று காட்டி அனுப்ப முதலில் வேண்டியது ஐ.இ. கோடு என்ற ஏற்றுமதி இறக்குமதி எண், கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனிலேயே கிடைக்கும். வெளிநாட்டுப் பணம் வந்து சேரும் வங்கியிலிருந்து ஏ.டி. கோடு என்ற எண். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று போட்டால் ஏற்றுமதிக்கு ஐ.ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்பலாம். கொரியரில் வணிகச் சரக்குக்குச் சி.எஸ்.பி.-5 என்ற ஏற்றுமதிப் பில். இதில் ஒரு பார்சலுக்கு 10 லட்சம் ரூபாய் என்று இருந்த உச்சவரம்பையும் 2026 பட்ஜெட்டில் முழுதாக எடுப்பதாகச் சொன்னார்கள். அக்காவுக்கு 10 லட்சத்தைப் பற்றிக் கவலையில்லை என்பது வேறு. தபாலில் ஆன்லைன் விற்பனைக்கு பி.பி.இ.-3 என்ற ஏற்றுமதிப் பில். 2022இல் தபால் ஏற்றுமதிக்கென்று தனி விதிமுறை வந்ததிலிருந்து, பக்கத்து ஏற்றுமதி மையத்தில், அதாவது டாக் கர் நிர்யாத் கேந்திராவில், பார்சலைக் கொடுத்துவிட்டால் போதும். ஏற்றுமதிப் பில்லைக் கணினி வழியே வெளிநாட்டு அஞ்சலகத்திலிருக்கும் கஸ்டம்ஸ் பார்த்துக்கொள்ளும்.

கஸ்டம்ஸ் ஹவுஸ் நமக்குப் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் நடக்கிற தூரம். அக்காவின் பொட்டலம் அந்தக் கட்டடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊரின் மறுகோடிக்கு, விமான நிலையத்துப் பக்கம் போகிறது. தண்டையார்பேட்டை தாண்டினால் மெட்ரோவில் ஒரு நிறுத்தத்துக்கே ‘சுங்கச்சாவடி’ என்று பெயர். அங்கே இன்று வரி வாங்க யாரும் நிற்பதில்லை, டோல்கேட் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிஜமான சாவடி இப்போது லேப்டாப்பில், நான் எச்.எஸ்.என். எண்ணை, அதாவது 6206 மாதிரியான அந்தப் பொருள் எண்ணைத் தட்டும் கட்டத்தில் இருக்கிறது.

விலையைக் குறைத்து எழுதுவதன் வில்லங்கம், பார்சல் திரும்பி வரும்போதுதான் முழுதாகப் புரியும். ஆன்லைன் துணி வியாபாரத்தில் கை இறுக்கம், கழுத்து ஆழம் என்று ஏதாவது ஒன்று திரும்பும். இந்தியாவில் செய்த பொருளே ஆனாலும் எல்லைக்கு உள்ளே வரும்போது அது இறக்குமதி. இங்கிருந்து போனதே திரும்பி வருகிறது என்று காட்டினால் வரியிலிருந்து தப்பலாம். பொதுவாக மூன்று வருடத்துக்குள் வர வேண்டும், போன பில்லும் வந்த பொருளும் பொருந்த வேண்டும். பரிசு என்று டிக் போட்டு ஐந்நூறு ரூபாய் என்று எழுதிப் போன பார்சலுக்கு என்ன பில்லைக் காட்டுவது? பார்சல் தொலைந்தால் நஷ்டஈடும் எழுதிய விலைக்கு மேல் வராது.

ஹாரோவில் மறுக்கப்பட்ட அந்த ரவிக்கை இரண்டரை மாதம் கழித்து வந்தது. பில்லில் ஐந்நூறு, உள்ளே ஒட்டியிருந்த அட்டையில் நாலாயிரத்து இருநூறு. இங்கே கேள்வி கேட்டார்கள். எது சரி என்று சொன்னாலும் மற்றது பொய். அக்கா வரியைக் கட்டி எடுத்துக்கொண்டார். கழுத்தோரம் மடித்த இடத்தில் ஜரிகை கறுத்திருந்தது. அதைப் பிரித்து வேறு வைத்துத் தைத்து, தங்கசாலையில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறுக்குக் கொடுத்தார். அடுத்த வாரம் கிள்ளானுக்கு ஒன்று புக் செய்ய வந்தபோது பரிசுக் கட்டத்தின் மேல் அவர் விரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் நகர்ந்து விற்பனையைக் காட்டியது. “முழு விலையே போடு” என்றார். “மணி கண்ணாடியா பிளாஸ்டிக்கான்னும் எழுதணுமா?” என்று கேட்டார். ஒரு மணியைத் தரையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.